காக்கா, வடை, கொஞ்சம் பிரெஞ்ச்: புதுச்சேரியில் 12 சனிக்கிழமைகள்

"என்னடி இது, வந்ததும் வராததுமா 'சாவா'ன்னு கேக்குது புள்ள?"

பாட்டிக்கு முகமே சுருங்கிப்போய்விட்டது. இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பெரியம்மா வீட்டு வாசலில். பாரீஸை ஒட்டிய சார்செல் என்ற ஊரிலிருந்து அக்கா லீவுக்கு வந்திருந்தாள். அவள் மகனுக்கு அப்போது ஐந்து வயது. கொள்ளுப்பேரனைப் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து முறுக்கு டப்பாவோடு பஸ் ஏறி வந்த பாட்டியைப் பார்த்து அவன் கேட்ட முதல் கேள்வி, "ஸ வா?"

நல்லா இருக்கீங்களா என்று கேட்டிருக்கிறான். பாவம், மரியாதையான பிள்ளை. பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தபடி விளக்கம் சொல்ல, பாட்டி சமாதானம் ஆனார். ஆனால், அடுத்த ஐந்து நாள்களும் அப்படியேதான் போயின. பாட்டி தமிழில் கேட்பார், அவன் பிரெஞ்சில் பதில் சொல்வான். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள். அப்புறம் அவன் டேப்லெட்டுக்குப் போய்விடுவான், பாட்டி அடுப்படிக்குப் போய்விடுவார். கிளம்புகிற அன்று பாட்டி என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "நீ பிரெஞ்சு படிச்சவதானே? அது என்ன பேசுதுன்னு ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லக் கூடாதா?"

நான் பிரெஞ்ச் படித்தவள்தான். பிளஸ் டூ-வில் மார்க்குக்காக பிரெஞ்ச் எடுத்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. நூற்றுக்கு 94. கட்டுரையை மனப்பாடம் செய்து வாங்கிய 94. ஐந்து வயதுப் பையன் "பசிக்கிறது" என்று சொன்னதுகூடப் புரியாத 94.

அதற்கப்புறம் சென்னையில் வார இறுதி வகுப்பில் சேர்ந்து, ஐரோப்பிய மொழித் தரவரிசையில் முதல் படியான ஏ1 முடித்து, ஏ2-வில் பாதி கடந்திருந்தேன். மொழி படித்தவர்களுக்கு இந்தக் கட்டம் தெரியும். மெனு கார்டு படிக்க முடியும், இறந்தகாலத்தில் வாக்கியம் எழுத முடியும். வாயைத் திறந்தால் மட்டும் காற்றுதான் வரும்.

இந்த மார்ச்சில் அக்கா வாட்ஸ்அப்பில் சொன்னாள்: "ஜூலையில வர்றோம்." பாட்டிக்கு இப்போது 81 வயது. நான் காலண்டரைப் பார்த்தேன். நடுவில் லீவு எடுக்க முடிகிற சனிக்கிழமைகள் 12.

பலகை பிரெஞ்ச், பேச்சு தமிழ்

என் திட்டம் எளிமையானது. சனிக்கிழமை விடிகாலை சென்னையில் ஈ.சி.ஆர் பஸ் பிடிப்பது, புதுச்சேரியில் இறங்குவது, பிரெஞ்ச் பேசுவது. வெள்ளைக்காரர் வீதிகளில் நடந்தால் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். ரீல்ஸ் பார்த்துக் கெட்டுப்போன மூளை.

முதல் சனிக்கிழமை. நகரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டி கிழக்கே நடந்தேன். மஞ்சள் சுவர்கள், போகன்வில்லா, நீலப் பலகைகளில் தமிழிலும் பிரெஞ்சிலும் வீதிப் பெயர்கள். ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். "போன்ழூர்! ழ வுத்ரே அங் கஃபே, சில் வு ப்ளே."

பரிமாற வந்த தம்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அக்கா, தமிழ்லயே சொல்லுங்க. நான் விழுப்புரம்தான்."

அன்று முழுக்க அதே கதைதான். பக்கத்து மேசைகளில் பெங்களூரு இளைஞர்கள், அதற்கடுத்த மேசையில் சென்னைக் குடும்பம். புதுச்சேரி வீதிகளில் பேசுகிற மொழி தமிழ். பிரெஞ்ச், பலகைகளில் இருக்கிறது. இதைச் சொன்னால் சுற்றுலாப் பயணிகளுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால், பிரெஞ்ச் இங்கே இல்லாமலும் இல்லை. அது கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறது.

அந்தக் கதவுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கால் ஊன்றினார்கள். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம், 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. ஊர் மக்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்த தமிழ்க் குடும்பங்களில் ஒன்றுதான் என் அக்கா கணவரின் குடும்பம். தாத்தா போட்ட ஒரு கையெழுத்து, பேரனின் மகன் என் பாட்டியிடம் "ஸ வா?" என்று கேட்பதில் வந்து நிற்கிறது.

அதே ஒப்பந்தத்தின் 28-வது பிரிவு, மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்காதவரை பிரெஞ்ச் இங்கே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்கிறது. பெட்டிக் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "அப்படியா?" என்றார் தமிழில்.

சரி, கதவுகள் எங்கே? 1826-லிருந்து நடக்கும் பிரெஞ்சுப் பள்ளியான லிசே ஒன்று. 1889-ல் தொடங்கிய அலியான்ஸ் ஃபிரான்சேஸ் இன்னொன்று. துய்மா வீதியில் பிரெஞ்சிலும் பூசை நடக்கும் தூய தேவதைகளின் அன்னை ஆலயம். இவற்றையெல்லாம் நான் வெளியிலிருந்துதான் பார்த்தேன். எனக்குத் திறந்த கதவு, பெரியப்பாவின் நண்பர் ஒருவர்.

குண்டு உருட்டும் மைதானத்தில்

அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடங்களுக்கு மேல் வேலை பார்த்து, பென்ஷன் வாங்குகிறவர். புதுச்சேரித் தமிழில் இவர்களை 'சொல்தா' என்பார்கள். பெரியப்பா அவரை 'முசியே' என்று கூப்பிடுவார், நானும் அப்படியே கூப்பிட்டேன். மாலையில் சேக்காளிகளோடு பெத்தாங்க் ஆடப் போவார். "வேடிக்கை பார்க்க வாம்மா. ஆனா அங்க வந்தா தமிழ் கிடையாது, சரியா?" என்றார்.

பெத்தாங்க், பார்க்க நம் ஊர் கோலி விளையாட்டின் பெரியண்ணன் மாதிரி இருக்கும். முதலில் சின்ன மரக் குண்டு ஒன்றைத் தூர எறிவார்கள். அதன் பெயர் 'கொஷோனே', அதாவது பன்றிக்குட்டி. பிறகு கனமான இரும்புக் குண்டுகளை அதன் அருகே விழும்படி வீச வேண்டும். வீசும்போது இரண்டு காலும் தரையில் ஊன்றி இருக்க வேண்டும். விளையாட்டின் பெயருக்கே 'ஊன்றிய கால்கள்' என்றுதான் அர்த்தம்.

வகுப்பறையில் இரண்டு வருடத்தில் நடக்காதது இந்த மண் தரையில் நடந்தது. காரணத்தை யோசித்துப் பார்த்தேன். விளையாட்டில் பேச்சு திரும்பத் திரும்ப வரும். "அ த்வா" என்றால் உன் முறை. "த்ரோ லுவேங்", ரொம்ப தூரம். "பியேங் ழுவே", நல்லா ஆடினே. ஒரு மாலையில் அதே பத்துப் பதினைந்து வாக்கியங்களை நாற்பது தடவை கேட்கிறோம். அதுவும் கண்ணெதிரே குண்டு உருளும்போது கேட்கிறோம். அர்த்தத்தை அகராதியில் தேட வேண்டியதில்லை. குண்டு எங்கே நின்றது என்று பார்த்தாலே போதும்.

முதல் நாள் எனக்குக் கிடைத்த அதிர்ச்சி, புத்தகத்தில் இருக்கும் பிரெஞ்சை யாரும் பேசவில்லை என்பது. 'எனக்குத் தெரியாது' என்பதற்கு நான் படித்தது "ழ ந ஸே பா". அவர்கள் சொன்னது "ஷே பா". 'இருக்கிறது' என்பதற்குப் படித்தது "இலியா", காதில் விழுந்தது "யா". 'நாங்கள்' என்பதற்கு 'நு' என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இவர்கள் எல்லாவற்றுக்கும் 'ஓங்' என்கிறார்கள். எதிர்மறையில் வரும் 'ந' என்ற சொல்லையே விழுங்கிவிடுகிறார்கள்.

முசியேவிடம் புலம்பினேன். ஒரு நிமிடம் தன் விதியைத் தானே மீறித் தமிழில் சொன்னார். "நீ வீட்ல 'வந்துகொண்டிருக்கிறேன்'னா சொல்ற? 'வந்துட்டிருக்கேன்'னுதானே சொல்ற? பேச்சுத் தமிழ் தெரியாம சங்கத் தமிழ் மட்டும் படிச்சிட்டு கோயம்பேட்ல வந்து நின்னா எப்படி இருக்கும்?"

அதைக் கேட்ட பிறகு பயம் பாதி போய்விட்டது. எழுத்துக்கும் பேச்சுக்கும் இவ்வளவு தூரம் இருக்கிற ஒரு மொழியில்தான் நாம் பிறந்ததிலிருந்து வாழ்கிறோம்!

அதிலிருந்து தமிழ் எனக்கு வேறு இடங்களிலும் கைகொடுக்க ஆரம்பித்தது. பிரெஞ்சின் மூக்கொலிகளைப் பார்த்து எல்லோரும் மிரளுவார்கள். 'நல்லது' என்பதற்கான 'போங்' என்ற சொல்லில் கடைசியில் 'ங்' இல்லை, ஓசை மூக்கு வழியாகப் போய் நின்றுவிடும். 'பழம்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். உதடு மூடாது. கடைசி 'ம்' மூக்கில் கரைந்துவிடும். 'வந்தான்' சொல்லும்போதும் அப்படித்தான். அந்த ஒலி நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது.

சொற்கள் ஒட்டிக்கொள்வதும் அப்படியே. 'லே' என்பதும் 'அமி' என்பதும் சேர்ந்தால் 'லேஸாமி' ஆகிறது, 'நண்பர்கள்' என்று அர்த்தம். வகுப்பில் பலர் இதற்குத் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நன்னூல் படித்துப் புணர்ச்சி விதிக்கு ஐந்து மார்க் வாங்கியவர்கள் இதற்குப் பயப்படக் கூடாது. நீ, நீங்கள் வித்தியாசமும் உண்டு: 'த்யு', 'வு'. பெத்தாங்க் மைதானத்தில் எல்லோரும் 'த்யு'. விளையாட்டு முடிந்து தெருவுக்கு வந்ததும் நான் முசியேவுக்கு 'வு'தான் சொன்னேன். யாரும் சொல்லித்தரவில்லை, வாய் தானாக மாறியது.

தமிழ் உதவாத இடங்களும் இருக்கின்றன. 'வீதி'க்கான 'ரூ' என்ற சொல்லை நாம் பலகையில் பார்த்துச் சொல்வது போலச் சொல்லக் கூடாது. உதட்டை 'ஊ' சொல்வதற்குக் குவித்துக்கொண்டு, உள்ளே 'ஈ' சொல்ல வேண்டும். கண்ணாடி முன் நின்று பழகினேன். அம்மா பார்த்துவிட்டு, "பல்லு வலியா?" என்று கேட்டார். எண்கள் இன்னொரு கொடுமை. எழுபது என்றால் 'அறுபது பத்து'. எண்பது 'நாலு இருபது'. 95 வேண்டுமா? 'நாலு இருபது பதினைந்து'. பெரிய மார்க்கெட்டில் நடந்தபடி காய்கறி விலையையெல்லாம் மனதுக்குள் பிரெஞ்சில் மாற்றிப் பார்ப்பது என் பயிற்சி. வெங்காயக்காரர் மீதிச் சில்லறையோடு காத்துக்கொண்டு நின்றார்.

பஸ்ஸில் பேசியவள்

சனிக்கிழமை மட்டும் போதாது என்று நான்காவது வாரமே தெரிந்துவிட்டது. மற்ற ஆறு நாள்களுக்கு இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்று, பிரான்ஸின் ஆர்.எஃப்.ஐ. வானொலி தரும் 'எளிய பிரெஞ்சில் செய்தி'. பத்தே நிமிடம், எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும். முதலில் கேட்க மட்டும் செய்வேன். பிறகு படித்துக்கொண்டே கேட்பேன். மூன்றாவது தடவை, செய்தி வாசிப்பவரோடு சேர்ந்து நானும் முணுமுணுப்பேன். ஈ.சி.ஆர் பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, ஜபம் செய்கிறேன் என்று நினைத்து ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

இன்னொன்று, ஒரே கதையைத் திரும்பச் சொல்வது. இன்று நடந்த ஒரு விஷயத்தை நான்கு நிமிடத்தில் பேசி போனில் பதிவு செய்ய வேண்டும். உடனே அதையே மூன்று நிமிடத்தில். மறுபடி இரண்டு நிமிடத்தில். மொழி கற்பிப்பவர்கள் பயன்படுத்தும் பழைய உத்திதான் இது. முதல் தடவை தடுமாறிய இடங்களில் மூன்றாவது தடவை நாக்கு வழுக்கிக்கொண்டு போவதை நம்மாலேயே கேட்க முடிகிறது. புதுச் சொல் எதுவும் படிக்கவில்லை, இருக்கிற சொற்கள் வேகமாக வந்து நிற்கப் பழகுகின்றன.

முசியே கொடுத்த வீட்டுப்பாடம் ஒன்றும் உண்டு. வார்த்தை மறந்தால் நிறுத்தக் கூடாது, ஆங்கிலத்துக்கும் தாவக் கூடாது. சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை 'துடைப்பம்' வேண்டியிருந்தது, வரவில்லை. "வீட்டைச் சுத்தம் செய்யும் ஒரு சாமான், நீளமாக இருக்கும், மரத்தில்..." என்று ஆரம்பித்தேன். முசியே முடிக்கும்வரை வாயே திறக்கவில்லை. முடித்ததும், "பலே" என்றார். பலே என்றுதான் பிரெஞ்சில் துடைப்பத்துக்குப் பெயர். பாராட்டுகிறார் என்று நினைத்து நான் "மெர்சி" சொன்னது தனிக் கதை.

ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துக்கொள்வேன். துய்ப்ளேயின் துபாஷியாக இருந்து, 1736-லிருந்து 1761 வரை நாள்குறிப்பு எழுதியவர். அவர் பெயரில் இன்றும் இங்கே வீதி இருக்கிறது. துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். ஒரு காலத்தில் இந்த ஊரின் வணிகம், சண்டை, சமாதானம் எல்லாமே அப்படிப்பட்ட இரண்டு பாஷைக்காரர்களின் நாக்கில்தான் நடந்தன. எனக்குத் தேவைப்பட்டது, முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் துபாஷி வேலை.

ஜூலை வந்தது

அவனுக்கு இப்போது ஏழு வயது. முன்பல் இரண்டு விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் "தத்தா!" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டான். பிரெஞ்சுக் குழந்தைகள் அத்தையையும் சித்தியையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். உள்ளே இருந்து பெரியப்பா, "இதோ வந்துட்டேன் கண்ணா" என்று குரல் கொடுத்தார்.

முதல் இரண்டு நாள் தோல்விதான், மறைக்க விரும்பவில்லை. பெரியவர்கள் எனக்காக மெதுவாகப் பேசினார்கள். ஏழு வயதுப் பையன் யாருக்காகவும் மெதுவாகப் பேச மாட்டான். 'இது என்ன?' என்பதற்கு "கெஸ்க ஸே?" என்று படித்துவிட்டுக் காத்திருந்தேன். அவன் ஆயிரம் தடவை கேட்டது "ஸே குவா, ஸா?" அம்மிக்கல், அரிவாள்மனை, பல்லி, எல்லாமே "ஸே குவா, ஸா?" அரைமணி நேரத்தில் எனக்கு முன்னால் பாட்டி அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார். அவன் கையிலிருந்த பொம்மையைக் காட்டி, "ஸே குவாடா இது?" என்றார்!

மூன்றாம் நாள் ராத்திரி கரன்ட் போனது. கும்மிருட்டு. சின்னக் குரல் ஒன்று, "ழே பர்..." என்றது.

"என்னவாம்?" என்றார் பாட்டி.

"பயமா இருக்காம் பாட்டி."

யோசிக்கவே இல்லை. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம், அதிலிருந்து தமிழ் என்ற என் வழக்கமான சுற்றுப்பாதை அன்று இல்லை. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பாட்டி அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். "பயப்படாதேன்னு சொல்லு. கதை சொல்றேன்னு சொல்லு. ஒரு ஊர்ல ஒரு பாட்டி வடை சுட்டாளாம்..."

வடைக்குப் பிரெஞ்சில் என்ன? வார்த்தையே கிடையாது. பருப்பில் செய்வது, வட்டமாக இருக்கும், எண்ணெயில் போடுவது என்று சுற்றி வளைத்தேன். 'லா வடா' என்று அவனே பெண்பால் கொடுத்துத் தீர்த்துவைத்தான். இறந்தகாலத்தில் சொல்லத் தடுமாறி, கதை முழுவதையும் நிகழ்காலத்துக்கு மாற்றிக்கொண்டேன். காக்கா வருகிறது, வடையை எடுக்கிறது, மரத்தில் உட்காருகிறது, நரி வருகிறது...

அவன் துள்ளி எழுந்தான். "நோங்! ஃப்ரோமாழ்!"

"என்னவாம்?"

"வடை இல்லையாம் பாட்டி. சீஸாம்."

17-ம் நூற்றாண்டில் லா ஃபோந்தேன் எழுதிய காக்கா, நரி கதைப் பாட்டு, பிரான்ஸில் பள்ளிக் குழந்தைகள் மனப்பாடம் செய்வது. அந்தக் காக்காவின் அலகில் இருப்பது சீஸ். இவன் அதை ஒப்பிக்கப் படித்தவன். நூற்றுக்கு 94 வாங்கிய எனக்குத்தான் சமயத்தில் நினைவுக்கு வரவில்லை.

"சீஸா? காக்காய்க்கு எவன் சீஸ் குடுப்பான்? கேளு அவனை!"

கேட்டேன். அவன் கோபமாக நீளப் பதில் சொன்னான். முக்கால்வாசி புரிந்தது, மொழிபெயர்த்தேன். பாட்டி விடவில்லை. சண்டை சூடு பிடித்தது. இருட்டில் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, மூச்சு விட நேரமில்லாமல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தேன். கடைசியில், நரி பாடச் சொன்னதும் காக்கா ஏமாந்துவிடும் என்று அவன் வெற்றிச் சிரிப்போடு முடித்தான்.

"அதெல்லாம் உங்க ஊர்க் காக்கா" என்றார் பாட்டி. "எங்க ஊர்க் காக்கா, வடையைக் கால்ல வச்சு மிதிச்சுக்கிட்டு கா கான்னு கத்துச்சு. சொல்லு."

'கால்' என்பதற்குப் 'பியே' என்றேன். "பாத்!" என்று திருத்தினான் அவன். மனுஷனுக்குத்தான் 'பியே', பறவைக்கும் மிருகத்துக்கும் 'பாத்'. திருத்திக்கொண்டு மறுபடி சொன்னேன். வடையைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு, காக்கா கத்துகிறது.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கரன்ட் வந்தது. பையன் பாட்டியின் முகத்தைப் பார்த்தபடி இருந்தான்.

"என்கோர்" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள், பாட்டி மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். "ஒரு ஊர்ல ஒரு பாட்டி..."